கட்டில் இருக்கிற வரைக்கும்

கிட்ட வந்து உக்காருங்க தம்பி. இன்னும் கிட்ட. அந்த ஓரத்துல உக்காந்தா சட்டம் தொடையில வெட்டும், நடுவுல உக்காந்தா இரும்புப் பட்டை கடிக்கும். இந்த இடந்தான் சரி. இதைக் கண்டுபுடிக்க எனக்கே ரொம்ப வருஷம் ஆச்சு, உங்களுக்குச் சும்மா சொல்றேன். பயப்படாதீங்க, உடையாது. உடையறதா இருந்தா எங்க குடும்பம் இதைப் படுத்தின பாட்டுக்கு எப்பவோ தூளாயிருக்கணும்.

நம்ம பெரியமனுஷன் வர நேரமாகும். லாரிக்காரன் தெருமுனையில நின்னுக்கிட்டு வழி தெரியலங்கறானாம், கூட்டிட்டு வரப் போயிருக்கான். அதாங்க, என் அண்ணன் மகன், இந்தக் கட்டிலை வாங்கிக்க உங்களைக் கூப்பிட்டவன். நான் பெரியமனுஷன்னுதான் சொல்றது. சின்னப் புள்ளையிலயே கையைப் பின்னால கட்டிக்கிட்டு, வீட்டைச் சுத்திச் சுத்தி வந்து, இது எதுக்கு இங்க இருக்கு, அது எதுக்கு அங்க இருக்குன்னு கேப்பான். இப்ப என்னைப் பாத்து அதையே கேக்கறான். அவன் பொண்டாட்டி, பெரியமனுஷி, உள்ள டீ போடறா. உங்களுக்குத்தான். நீங்க இருக்கறதால எனக்கும் வரும்.

என்ன பாக்கறீங்க, அந்தப் பெட்டியா? என்னோடதுதான். கட்டி வெச்சது நானில்ல, அவங்க. கட்டில் இன்னைக்கு உங்க லாரியில ஏறிடுச்சுன்னா நாளைக்கு நான் கார்ல ஏறணும். ஊருக்கு வெளிய வயசானவங்க இல்லம் ஒண்ணு இருக்காம். பெரிய தோட்டமாம். எனக்குப் பூச்செடின்னா உசுருன்னு பெரியமனுஷிக்குத் திடீர்னு ஞாபகம் வந்திருக்கு பாருங்க. இத்தனை வருஷத்துல ஒரு தொட்டி வாங்கி வெச்சவ இல்ல.

கட்டிலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தமா? அது ஒரு பேச்சு. என் அண்ணன் சாகறதுக்கு முந்தி சொந்தக்காரங்க அத்தனை பேரையும் இந்த அறைக்கு வரவழைச்சாரு. மகன் கையைப் புடிச்சுக்கிட்டாரு. டேய், இந்தக் கட்டில் இந்த அறையில இருக்கிற வரைக்கும் இந்த அறை என் தங்கச்சியோடது, அவளை யாரும் எழுப்பக் கூடாதுன்னாரு. பெரியமனுஷன் உடனே, சரிப்பா, சத்தியம்ப்பான்னான். கண்ணுல தண்ணி வேற. நான் பக்கத்துலதான் நின்னேன், நல்லாப் பாத்தேன். அந்தத் தண்ணிக்குப் பின்னால அவன் கட்டிலை அளந்துக்கிட்டிருந்தான்.

சேச்சே, சத்தியத்தை எல்லாம் மீற மாட்டான். ரொம்ப ஒழுக்கமானவன். சொந்தக்காரங்க வேற பாத்துக்கிட்டே இருக்காங்கல்ல. அதனால என்னை எழுப்பல. கட்டிலை எழுப்பறான்.

நீங்க வாசல்ல நின்னு அவங்கிட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு தம்பி. கண்ணுதான் மங்கல், காதுக்கு ஒண்ணும் கேடு இல்ல. முழுசா இருந்தா விலை, ரம்பம் பட்டா விறகுன்னு சொன்னீங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இந்தக் கட்டில் பாக்காத ரம்பமா! ஓ, இனிமே பட்டா, அப்படியா. பழசெல்லாம் மன்னிச்சாச்சா. நல்ல மனசு உங்களுக்கு. எதுக்கும் முழுசாக் கேட்டுட்டு மன்னிங்க.

எங்கப்பா ஒரு பெரிய வீட்டுல கார் ஓட்டினவரு. அந்தக் குடும்பம் நொடிச்சுப் போய் வீட்டைக் காலி பண்றப்ப, வேலைக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு சாமான் எடுத்துக்கங்கன்னாங்க. சமையல்காரர் பாத்திரத்தை எடுத்தாரு. தோட்டக்காரர் நல்ல நாற்காலியா பாத்து எடுத்தாரு. எங்கப்பா என்ன எடுத்தாரு? இதோ இதை. முதலாளி படுத்த கட்டில்ல ஒரு நாளாச்சும் படுக்கணுமாம். நாலு தூணு, மேல கூரை மாதிரி இந்த மேக்கட்டி, சுத்தி வெல்வெட்டுத் திரை, திரைக்குக் குஞ்சம். இதைக் கொண்டு வந்து வெச்ச வீடு எப்படி? அப்பா கையைத் தூக்கினா ஓடு தட்டும்.

கட்டிலை வெட்டுவாரா மனுஷன்? மனசு வரல. அதனால கூரையில ஓட்டைப் பிரிச்சுட்டு, தூண் உச்சியில மொட்டு மாதிரி செதுக்கியிருக்கே, அதை வெளிய விட்டுட்டாரு. தெருவுல போறவங்க எல்லாம் டிரைவர் வீட்டுக்குக் கொம்பு முளைச்சிருக்குன்னு நின்னு பாத்துட்டுப் போனாங்க. காக்கா வந்து அது மேலதான் உக்காரும். அப்பா கீழ முதலாளி மாதிரி படுத்திருப்பாரு. அப்புறம் ஒரு மழை வந்துச்சு. தண்ணி அழகா தூண் வழியா இறங்கி, செதுக்கின இலை கொடி எல்லாம் சுத்திப் பாத்துட்டு, நேரா அப்பா காதுல. எங்கம்மா எழுந்தாங்க. தலையணையை எடுத்துக்கிட்டு சமையக்கட்டுக்குப் போய்ட்டாங்க.

மறுநாளே ஆசாரி வந்தாரு. மேல வேலைப்பாடு இருக்கு, அதைத் தொடாதேன்னு அப்பா சொல்லிட்டாரு. அதனால கீழ வெட்டினாங்க. கீழ என்ன இருந்துச்சா? சிங்கப் பாதம். நகம் எல்லாம் தனித்தனியாத் தெரியும். என்ன தம்பி, நெஞ்சைப் புடிச்சுக்கறீங்க? ஒண்ணு எங்கயும் போகல, இங்கதான் இருக்கு. உள்ள வரும்போது கால்ல இடிச்சுக்கிட்டு அய்யோன்னீங்களே, கதவுக்கு முட்டுக் குடுத்து வெச்சிருக்கோம். நல்லா நிக்கும். மத்த மூணும் அம்மா அடுப்புக்குத் துணையாப் போச்சு.

திரையைக் கேக்கறீங்களா. அதைப் போட்டுக்கிட்டுத்தான் நானும் அண்ணனும் பள்ளிக்கூடம் போனோம். அம்மா வெல்வெட்டு வீணாப் போகக் கூடாதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் சட்டை தெச்சாங்க. குஞ்சமும் வீணாப் போகக் கூடாதுல்ல, அதை என் பாவாடை ஓரத்துல வெச்சாங்க. வகுப்புல எங்க பின்னால நின்னு பசங்க எங்களைத் திரை மாதிரி இழுத்து இழுத்து மூடுவானுங்க. நான் அதிகம் படிக்காததுக்கு அந்தக் குஞ்சமும் ஒரு காரணம்னு வெச்சுக்கங்களேன்.

அப்புறம் அண்ணன் வளந்தாரு. வளந்தாருன்னா, நிறுத்தாம வளந்தாரு. இந்தக் கட்டில் முதல்ல குட்டை. அந்தக் காலத்துப் பெரிய மனுஷங்க தலையணையை அடுக்கிச் சாஞ்சுக்கிட்டே தூங்குவாங்களாமே? அது எனக்குத் தெரியாது, ஆசாரி சொன்னது. அண்ணன் சாஞ்சு தூங்கற ஆளில்ல. கால் ரெண்டும் வெளிய தொங்கும், போறவங்க வர்றவங்க எல்லாம் இடிச்சுக்குவோம். ஆசாரி மறுபடி வந்தாரு, நீளச் சட்டத்தை அறுத்து, நடுவுல வேற கட்டை வெச்சு இழுத்தாரு. இங்க தடவுங்க. இது வரைக்கும் வழவழன்னு வருது, இங்க சொரசொரன்னு ஆரம்பிக்குதா? அதான். நெறம் சேரலன்னு டீத்தூளைக் கொதிக்க வெச்சுப் பூசினாங்க. கொஞ்ச நாளைக்கு அண்ணன் பக்கத்துல போனாலே டீக்கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும்.

இது வரைக்கும் அப்பா காலம். அண்ணன் காலம் இதுக்கு மேல. உக்காந்துக்கங்க நல்லா.

என் அண்ணனுக்கு ஒரு வியாதி. மனசுல எது வந்தாலும் ஆசாரியைக் கூப்பிட்டுடுவாரு. சந்தோஷமா, கூப்பிடு ஆசாரியை. கோவமா, கூப்பிடு ஆசாரியை. ஊர்ல எல்லாரும் மரமண்டைன்னுதான் பேரு வெச்சிருந்தாங்க. நானும் சொல்லியிருக்கேன், ஏன் மறைக்கணும். அண்ணி வந்த புதுசுல ரெண்டு பேருக்கும் ஒரு சண்டை. எதுக்குன்னு பின்னால கேட்டா ரெண்டு பேருக்கும் ஞாபகம் இல்ல. கட்டிலுக்கு மட்டுந்தான் ஞாபகம் இருக்கு. ஏன்னா, உன் பக்கம் உனக்கு, என் பக்கம் எனக்குன்னு அண்ணி வாய் தவறிச் சொல்லிட்டாங்க. மரமண்டை விடுமா? ஆசாரி வந்தாச்சு.

ஆமா தம்பி. நீளவாக்குல. நடுவுல. மேக்கட்டியையும் சேத்து.

தண்ணி வேணுமா? டீ வந்துடும், இருங்க.

ரெண்டே தூண் இருக்கிற கட்டில் எப்படித் தம்பி நிக்கும்? குடிகாரன் மாதிரி சுவத்துல சாஞ்சுதான் நிக்கும். ஒரு பாதி இந்தச் சுவத்துல, ஒரு பாதி எதிர்ச் சுவத்துல. புருஷனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டு, நடுவுல நிக்கிற என் மூலமாத்தான் பேச்சு. உங்கண்ணன்கிட்ட சொல்லு, விளக்குமாறு அவர் பாதிக்கு அடியில கெடக்குன்னுவாங்க அண்ணி. உங்கண்ணிகிட்ட சொல்லு, என் எல்லைக்குள்ள அதை எதுக்கு விட்டாங்கன்னுவாரு இவரு. அப்புறம் ஒரு நாள் அண்ணி திரும்பிப் படுத்தாங்க. அவங்க பாதி மெதுவா, ரொம்ப மரியாதையா, அப்படியே சாஞ்சு விழுந்துச்சு. மேக்கட்டிக்குள்ள இருந்து ஒரு கை மட்டும் தெரியுது. அண்ணன் ஓடின ஓட்டம் இருக்கே! அடியே, உனக்கு ஒண்ணும் ஆகலியேன்னு கத்தறாரு. உள்ள இருந்து அண்ணி, நேராப் பேசறீங்களே, உங்க தங்கச்சி ஊர்ல இல்லையாங்கறாங்க.

அன்னைக்கு ஒட்டினதுதான் இந்த இரும்புப் பட்டை. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பிரியல. நடுவுல படுத்தவங்களைக் கடிக்கும், அவ்வளவுதான்.

அந்த ஓட்டையா? மேக்கட்டியில நட்ட நடுவுல வட்டமா இருக்கே. ஃபேனுக்கு. ஓட்டு வீட்டை உசத்தித் தளம் போட்டதுக்கு அப்புறம், கூரை ஃபேன் காத்தை மேக்கட்டி மறைக்குதுன்னாங்க அண்ணி. ஃபேனை மாத்தலாம், கட்டிலை நகத்தலாம், எவ்வளவோ வழி இருக்கு. இவரு பழைய பலகையை எடுத்துட்டு ப்ளைவுட்டு போட்டு, அதுல ஓட்டை போட்டு, உள்ள ஒரு குட்டி ஃபேனைத் தொங்கவிட்டாரு. எழுந்து உக்காந்தா முடி வெட்டும். ரெண்டு பேரும் குனிஞ்சே எழுந்து குனிஞ்சே இறங்குவாங்க. தாம்பத்யத்துல பணிவு வேணும்ல.

பச்சைப் பெயிண்ட்டு பெரியமனுஷன் பொறந்ததுக்கு. அது மேல இந்த வெள்ளை, பெரியமனுஷி அடிச்சது. ஃபோன்ல எங்கயோ படம் பாத்தாளாம். புதுசா வெள்ளை அடிச்சு, காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேய் தேய்னு தேச்சா, பழசாத் தெரியணுமாம். பழசு மேல புதுசு பூசி, புதுசைப் பழசாக்கினா. என்னை மட்டும் அப்படியே விட்டுட்டா.

பெயிண்ட் அடிக்கறப்ப எல்லாம் நாலு பேரு புடிச்சு இதை அப்படியே முழுசாத் தூக்கிப் பின்பக்க முத்தத்துக்குக் கொண்டு போவாங்க. இந்தப் பின்சுவத்துல அப்ப ரெட்டைக் கதவு இருந்துச்சு, வண்டியே போகும் அதுல. இப்ப இல்ல. சொல்றேன், வரேன் அதுக்கு.

நான் இந்தக் கட்டிலுக்கு வந்தது அண்ணி போனதுக்கு அப்புறம். என் வீட்டுக்காரர் போய், அங்க இருக்க முடியாம, அதே பெட்டிதான், அதைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னேன். வீட்டுல வேற இடம் ஏது. இது அறைன்னு பேரு, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவுல அப்ப எல்லாரும் நடந்து போன வழி இது. அண்ணன் என்னை இதுல படுக்க வெச்சுட்டு, தான் முன்னால சாய்வு நாற்காலிக்குப் போய்ட்டாரு. பழைய போர்வையைக் கிழிச்சு நாலு பக்கமும் திரை போட்டுக் குடுத்தாரு. இழுத்து விட்டா அறை தம்பி. உள்ள நான் அழலாம், முடியை அவுத்துப் போட்டுக்கலாம், சும்மா மேல ஓட்டையைப் பாத்துக்கிட்டுக் கெடக்கலாம். அண்ணன் இந்தப் பக்கம் வந்தா என்ன பண்ணுவாரு தெரியுமா? கதவைத் தட்டற மாதிரி இந்தத் தூணைத் தட்டுவாரு. தங்கச்சி, உள்ள இருக்கியா, வரலாமாம்பாரு. அவரோட வீட்டுல, அவரோட கட்டில்ல. பெரியமனுஷன் தட்ட மாட்டான். திரையைச் சர்ருன்னு விலக்கி, அத்தை, இஸ்திரிப் பெட்டியைப் பாத்தீங்களாம்பான். திரைக்குள்ள நான் இஸ்திரிதான் போட்டுக்கிட்டிருக்கேன் போல.

என்ன குனிஞ்சு குனிஞ்சு பாக்கறீங்க? போல்ட்டா? கழட்டி நாலு தூணையும் தனியா எடுத்துட்டா சுலபமாப் போயிடும், அதானே. பெரியமனுஷனும் அதான் சொன்னான். அதோ பாருங்க, ஸ்பேனர் செட்டு புதுசா வாங்கி வெச்சிருக்கான், பையைக் கூடப் பிரிக்கல. தூண்ல இந்தப் பித்தளை மூடி இருக்கே, இதுக்குப் பின்னாலதான் போல்ட்டு இருக்கும். சரியாச் சொன்னீங்க. அதை விரலால தள்ளிப் பாருங்க. நகருதா?

என்ன தெரியுது?

மர முளைதான் தம்பி. அந்த மூடியையும் பாருங்க. எல்லாத்துலயும் அதான்.

அண்ணன் படுத்தபடுக்கையா ஆகறதுக்குக் கொஞ்சம் முந்தி, பெரியமனுஷனும் அவளும் வேலைக்குப் போயிருந்த நேரத்துல, அந்த ஆசாரியைக் கூப்பிட்டாரு. அவருக்கும் வயசாகிக் கை நடுங்குது. போல்ட்டு கிரீச்சு கிரீச்சுங்குது, என் தங்கச்சிக்குத் தூக்கம் வரலன்னாரு அண்ணன். எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. சொல்றேன்ல, காதுக்குக் கேடு இல்ல. அண்ணே, எனக்கு ஒண்ணும் இல்லேன்னேன். நீ சும்மா இருன்னுட்டாரு. போல்ட்டை எல்லாம் உருவிட்டு, மூட்டுக்கு மூட்டு பசையை ஊத்தி, முளை அடிச்சு, மேக்கட்டியையும் தூணோட சேத்து இறுக்கி, அது மேல பித்தளை மூடியை அப்படியே திரும்ப வெச்சுட்டாங்க. இனிமே இது கட்டில் இல்லண்ணே, ஒரே கட்டைன்னாரு ஆசாரி. ரெண்டு கெழமும் சிரிச்சுக்கிச்சுங்க. எனக்கு ஒண்ணும் புரியல. மரமண்டைக்கு மூளையும் போச்சுன்னு நெனச்சேன்.

அப்புறம் மகனைக் கூப்பிட்டு உக்கார வெச்சு ஒரு பேச்சு. டேய், இது பெரிய வீட்டுச் சாமான், விலை மதிக்க முடியாதது, இது பக்கத்துல ரம்பமே வரக் கூடாதுன்னாரு. யாரு? வாழ்நாள் பூரா ரம்பமும் கையுமா இருந்த ஆளு! நான் வாயைப் பொத்திக்கிட்டேன். பெரியமனுஷன் அன்னைலேர்ந்து இதை ஒரு மரியாதையோட பாக்க ஆரம்பிச்சான். அறுக்கலாம்னு நீங்களே காலைப் புடிச்சாலும் விட மாட்டான். அதான் இன்னைக்கு நீங்களும் அதையே சொல்லிட்டீங்களே, ரம்பம் பட்டா விறகுன்னு. அவன் மூஞ்சியைப் பாத்தீங்களா, அப்பா சொன்னது சரியாப் போச்சேன்னு எப்படிப் பூரிச்சுப் போனான்.

டேப்பை எதுக்கு உள்ள வைக்கறீங்க? கட்டிலை அளந்தீங்க, சரி. இந்த வாசலை அளந்தீங்களா? அளங்க. நான் உக்காந்தே இருக்கேன்.

பத்தலல்ல, சாச்சாலும் போகாது. ஜன்னலைப் பாக்காதீங்க, அதுல கம்பி.

அண்ணன் எதுக்கு அப்படிப் பண்ணினாருன்னு எனக்கும் ரொம்ப நாள் புரியல தம்பி. என் பெட்டியை அவங்க கட்டி வெச்சாங்களே, அன்னைக்குத் திரையை இழுத்து விட்டுட்டு, சரி, போறதுதான் போறோம்னு கட்டிலைத் தடவிக்கிட்டே வந்தேன். மூடி நகந்துச்சு. முளை விரல்ல பட்டுச்சு. எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியல, தலையணையைக் கடிச்சுக்கிட்டேன். வெளிய பெரியமனுஷி அவங்கிட்ட சொல்றா, பாவம், அழறாங்க, ஒரு பூந்தொட்டி வாங்கிக் குடுத்து அனுப்பலாம்னு.

பின்சுவரை இடிக்கலாமா? தாராளமா இடிக்கலாமே. ரெட்டைக் கதவு இருந்த இடந்தான் அது. அந்தப் பக்கம் போய்ப் பாத்துட்டு வாங்க. உங்களுக்கு டீ கொதிக்குதுல்ல, அங்கதான் கொதிக்குது. பெரியமனுஷியோட புது சமையக்கட்டு. கருங்கல்லுப் பலகை, இழுத்தா வர்ற அலமாரி, எல்லாம் அந்தச் சுவத்துலதான் முளை அடிச்சு மாட்டியிருக்கு. உன் பொண்டாட்டி எத்தனை நாளைக்குடா அந்த இருட்டு மூலையில வேகறதுன்னு சொல்லிச் சொல்லி, அந்தச் சுவத்தைக் கைகாட்டினது என் அண்ணன்.

லாரிச் சத்தம் கேக்குது. வந்துட்டாங்க போல. இருங்க, எழுந்திருக்காதீங்க, இது ஒண்ணைக் கேட்டுட்டுப் போங்க.

அந்தக் கதவை அடைச்ச அன்னைக்கு என் அண்ணனால நிக்கக் கூட முடியல. நாற்காலியைக் கட்டில் பக்கத்துல போடச் சொல்லி உக்காந்துக்கிட்டாரு. பின்னால இருந்து வாடைக்காத்து வருது, தங்கச்சிக்கு இருமல் விடலன்னு காரணம். கொத்தனாருக்குக் கையாள் வரல. செங்கல்லு எடுத்துக் குடுத்தது யாருன்னு நெனக்கறீங்க? நம்ம பெரியமனுஷன்தான். பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தான், ஒரு கூலி மிச்சம்னு. சிமெண்ட்டை நல்லா வெக்கச் சொல்லுடா, இடுக்கு விடாதேன்னு அண்ணன் உக்காந்த இடத்துலேர்ந்து சொல்லிக்கிட்டே இருந்தாரு. கடைசிக் கல்லு வெச்சதும் அறை கொஞ்சம் இருட்டாச்சு. அவன் கை கழுவப் போய்ட்டான். நான் இதோ இப்ப உக்காந்திருக்கிற இதே இடத்துல, அண்ணன் கண்ணு முன்னால உக்காந்திருக்கேன், திரை கூடப் போடல. ஆனாலும் கையை நீட்டி இந்தத் தூணைத் தட்டினாரு. தங்கச்சி, உள்ள இருக்கியான்னாரு.

இருக்கேண்ணேன்னேன்.

சரி, இருன்னாரு.